பாசி இல்லாத பாசிக்குடா

"யாருமற்ற கடற்கரையில் நான் என்னைச் சந்தித்தேன்."

கிண்டல் பண்ண வேறு யாருடைய வாக்கியத்தையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். நம் இணைய இதழ்களில் வருடத்துக்குப் பத்தாவது தேறும். ஆனால் இது என்னுடையது. 2023 நவம்பரில், இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் ஒரு ரிசார்ட்டின் வராண்டாவில் உட்கார்ந்து நானே எழுதியது. அதற்குப் பிறகு இன்னும் ஐந்து பக்கம் இருக்கிறது. மழை, தனிமை, நனைந்த மரநாற்காலி, கரை ஒதுங்கிய ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்புக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். கட்டுரையை முடிக்கவில்லை. அதற்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு முப்பதடி தள்ளி ஒருவர் மணலில் ஒதுங்கிய பாசியை வாரிக்கொண்டிருந்தார். நீளக் கம்பு வைத்த வாரி, பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. என் மேசையில் இருந்த பிளேன்டீயை இன்னொருவர் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஹோட்டலின் எல்லை முடியும் இடத்தில், தென்னை மரத்தடியில், ரெயின்கோட் போட்ட காவலாளி நின்றிருந்தார். ஆக மொத்தம் மூணு பேர். அவங்க யாரும் 'யாரும்' கணக்குல வரல. இதுதான் ஆஃப் சீசன் இலக்கியத்தின் முதல் இலக்கணம்: பணம் கொடுத்தவன் மட்டும்தான் ஆள். மற்றவங்க எல்லாம் நிலக்காட்சி.

பாசியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பாசிக்குடா என்றால் பாசி இருக்கிற குடா. பக்கத்தில் இருப்பது கல்குடா. தமிழ் தெரிந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை, பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கடல் கலங்கிப் பாசி கரையேறும். அது அந்தக் கடலின் வேலை. ஆனால் விருந்தினர் எழுந்து திரைச்சீலையை விலக்கும்போது மணல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது ஹோட்டலின் விதி. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவர் வந்து பாசிக்குடாவிலிருந்து பாசியை அள்ளுகிறார். எட்டு மணிக்குள் கடல் மறுபடி கொண்டுவந்து போடுகிறது. அவர் மறுபடி வருகிறார். ஏழு விருந்தினர்களுக்காக.

ஆமாம், ஏழு பேர்தான். சுமார் அறுபது அறைகள் உள்ள ஹோட்டலில் நான், வயதான ஒரு ஜெர்மன் தம்பதி, கொழும்பிலிருந்து வந்த நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம். நான்கு இரவுகள், மூன்று வேளைச் சாப்பாடு, மாலை டீ, இரவு பதினொன்று வரை குடி, தினம் ஒரு ஸ்பா, எல்லாம் உள்ளடக்கம். ஆகஸ்டில் கேட்கும் விலையில் பாதிக்கும் கீழே. நான் சென்னையில் சப்டைட்டில் வேலை செய்கிறவள். மற்றவர்கள் பேசுவதை நாற்பத்திரண்டு எழுத்துக்குள் சுருக்குவதுதான் என் பிழைப்பு. ஆறு மாசமா தூக்கமில்ல. ஒரு தோழி லிங்க் அனுப்பினாள். "செம அமைதி, ஈ காக்கா இருக்காது, போய் எழுது" என்றாள். கொழும்பு கோட்டையில் ரயில் ஏறி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, வாழைச்சேனையில் இறங்கினேன்.

*

இலங்கைக்கு ரெண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. அப்போது பெந்தோட்டை, ஹிக்கடுவ பக்கமெல்லாம் கடல் கொந்தளிக்கும், கிழக்கு தெளிந்திருக்கும். அக்டோபர் கடைசியில் கதை திரும்பிவிடும். கிழக்கில் மழை, தெற்கில் வெயில். சுற்றுலா விளம்பரங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்: வருடம் முழுக்க எங்காவது ஒரு கரையில் சீசன். உண்மைதான். அந்தத் தீவுக்கு ஆஃப் சீசன் கிடையாது, கரைகளுக்குத்தான் உண்டு. அதாவது, கரை மாற முடியாதவர்களுக்கு மட்டும்தான் உண்டு.

பழைய காலத்தில் மீனவர்களே மாறியிருக்கிறார்கள். மேற்குக் கரையில் கடல் மூடும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக்கு வந்து வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது ஹோட்டல்காரர்கள் அதையே செய்கிறார்கள், வாடிக்குப் பதில் ஊழியர் விடுதி. நான் தங்கிய இடத்தில் தலைமைச் சமையல்காரரும் முன்மேசை மேலாளரும் அந்த வாரமே தெற்கில் இருந்த வேறொரு ஹோட்டலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. பாசி வாரியவர், அறை துடைத்தவர், ஸ்பாவில் எண்ணெய் தேய்த்தவர், வாசலில் நின்றவர், இவர்கள் எல்லாரும் பக்கத்து ஊர்க்காரர்கள், தமிழ் பேசுகிறவர்கள். கடல் கலங்கியதும் இவர்களுக்குச் சொல்லப்படுவது வேறு: "வீட்ட நில்லுங்க, கூப்பிடுவம்."

சம்பளத்தைப் பற்றி யாரும் என்னிடம் தானாகப் பேசவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. இலங்கை ஹோட்டல்களில் பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள். அதை ஊழியர்களுக்கு பொயின்ட் கணக்கில் பிரித்துக் கொடுப்பது வழக்கம். பேருக்கு இருக்கும் அடிப்படைச் சம்பளத்தைவிட, குடும்பம் நடத்துவது இந்தப் பங்கில்தான். அறைகள் நிறைந்தால் பங்கு நிறையும். ஏழு பேர் தங்கினால்? ஸ்பாவில் இருந்த அக்கா சொன்ன கணக்கு எளிமையானது. ஆகஸ்டில் வந்ததில் கால்வாசி அக்டோபரில் வந்தது. நவம்பரில் எவ்வளவு என்று அவர் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் டிசம்பரில் அவர் இங்கே இருக்கமாட்டார்.

நான் 'அமைதி' என்று எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். காலியான சாப்பாட்டுக்கூடத்தில் ஸ்பூன் விழுந்தால் எதிரொலிக்கிறது என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். நல்ல பத்தி, இப்பவும் சொல்றேன். அந்த எதிரொலி, சம்பளமில்லாத லீவில் அனுப்பப்பட்ட முப்பது நாற்பது பேர் இல்லாததால் வந்த எதிரொலி. பஃபே கிடையாது, ஆள் குறைவென்றால் தட்டில் போட்டுத்தான் வரும். அதையும் "ஆடம்பரத்தின் ஆடை களைந்த எளிமை" என்று குறித்துவைத்திருக்கிறேன். கடவுளே.

*

இந்த 'எல்லாம் உள்ளடக்கம்' என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று ஊருக்கு வந்தபிறகு தேடிப் படித்தேன். 1950ல், இரண்டாம் உலகப்போர் முடிந்த கொஞ்ச நாளில், ஜெரார் ப்ளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்து ஒரு விடுமுறைக் கிராமம் தொடங்கினார். கிளப் மெட். முன்கூட்டிப் பணம் கட்டிவிட்டால் உள்ளே காசுப் பேச்சே கிடையாது. பின்னாளில் பாரில் குடிப்பதற்குக்கூட பணத்துக்குப் பதில் பாசிமணிதான். (பாசிமணி! நம் மொழி சில நேரம் இப்படிக் காலை வாரிவிடும்.) போரில் நொந்துபோன ஐரோப்பியர்கள் கொஞ்ச நாளாவது பணக்காரன், குமாஸ்தா வித்தியாசம் இல்லாமல் ஒரே மேசையில் சாப்பிடட்டும் என்கிற ஒரு கனவு அதில் இருந்தது. அதை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் அந்தக் கனவு வெப்பமண்டலக் கரைகளுக்கு வந்தபோது இன்னொன்றாக மாறியது. 1970களின் இறுதியில் ஜமைக்காவில் அரசியல் வன்முறை. பயணிகள் வெளியே நடக்கப் பயந்தார்கள். அங்கே 'எல்லாம் உள்ளடக்கம்' வேரூன்றிய காலம் அதுதான். ஊர் ஆபத்து, ஹோட்டல் பத்திரம். சாப்பாடு உள்ளே, கடல் உள்ளே, பாட்டு உள்ளே. காசு எடுக்க வேண்டாம் என்பது, மதிலைத் தாண்ட வேண்டாம் என்பதாக ஆனது. மதிலுக்கு வெளியே கடை வைத்திருப்பவனுக்கு, ஆயிரம் பேர் வந்திறங்கினாலும் ஒரு இளநீர் விற்காது.

பாசிக்குடாவில் என் மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டி கட்டினார்கள். அறைக்குள் ஒரு அட்டை: எல்லாக் கட்டணமும் செலுத்தப்பட்டுவிட்டது, டிப்ஸ் தேவையில்லை, மகிழ்ந்திருங்கள். படித்ததும் எனக்கு வந்த நிம்மதியை ஒளிக்கமாட்டேன். எவ்வளவு கொடுக்கணும், குறைச்சலா கொடுத்துட்டோமா, அந்த முகத்தைப் பார்க்கணுமா, இந்த மிடில் கிளாஸ் பதற்றம் எதுவும் இல்லை. உண்மையில் நான் பாதி விலையில் வாங்கியது கடலை இல்லை, அந்த நிம்மதியைத்தான். எதிரில் நிற்கிறவருக்கு நான் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை என்கிற நிம்மதி.

*

ஸ்பாவில் இருந்த அக்காவுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். முதல் நாள் ஆங்கிலத்தில் பேசினார், நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஒரு தமிழ்க்கரையில் ரெண்டு தமிழச்சிகள், "பிரஷர் ஓகே மேடம்?" "ஓகே, தேங்க்ஸ்." எண்ணெயின் சூட்டில் நான் "ஸ்ஸ்... சூடு" என்று சொன்னதும் கை நின்றது.

"இந்தியாவா மிஸ்?"

"சென்னைக்கா."

"நாங்க எல்லாம் உங்கட நாடகம்தானே பாக்கிற."

அதோடு பேச்சு ஆரம்பித்தது. பட்டியலில் 'அப்யங்கம்' என்று சமஸ்கிருதத்தில் விலைபோட்டிருந்ததை அவர் "எண்ணெ தேய்க்கிற" என்றார். கத்தாரில் ஆறு வருடம் வீட்டுவேலை. திரும்பிவந்து சேர்த்த காசில் பயிற்சி எடுத்து இந்த வேலை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது முதல் முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் கொரோனா. பிறகு 2022, பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. "எங்களுக்கு நாலு வருசமா ஆஃப் சீசன்தான் மிஸ்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது என்னை. நான் முகத்தைக் குப்புற வைத்திருந்தேன். நான் பார்த்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த ஒரு பித்தளைத் தட்டும் அதில் மிதந்த பூக்களும்தான்.

ரெண்டாம் நாள் முடியும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "மிஸ், உங்களுக்குப் பிடிச்சிருந்தா நெற்றில ஒரு ரிவியூ போடுவீங்களா? என்ட பேரப் போட்டு. பேரு இருந்தாத்தான் மிஸ் கணக்கு. சீசனுக்குத் திரும்ப எடுக்கக்குள்ள அதத்தான் பாப்பாங்க."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எரிச்சல். ஒரு நொடிதான், ஆனா வந்துச்சு. இங்கயும் ரேட்டிங்கா என்று. அன்று ராத்திரி நோட்டில் இப்படி எழுதினேன்: "சந்தை இந்த நிசப்தத்துக்குள்ளும் கை நீட்டுகிறது." நீட்டியது சந்தையின் கையா? என் முதுகில் நாற்பது நிமிடம் வேலை செய்த கை அது. தன் வேலை இன்னார் செய்த வேலை என்று ஒரு வரி கேட்டது. எழுத்தாளர்கள் நமக்குத் தெரியாத விஷயமா இது? நம் பெயர் தலைப்புக்குக் கீழே இல்லாமல் இந்த இதழ் ஒரு கட்டுரை போட்டால் சும்மா இருப்போமா? ஆசிரியருக்கு எத்தனை மெயில் போகும்? அவர் பெயர் கேட்டால் மட்டும் அது சந்தை.

*

நான்காம் நாள், நவம்பர் 22. அக்காவுக்கு அந்தப் பருவத்தின் கடைசி வேலைநாள் முந்தின தினமே முடிந்துவிட்டது. "வீட்ட வாங்களன், பிட்டும் சொதியும் தாறன்" என்று கூப்பிட்டிருந்தார். மழை விட்டிருந்தது. வாசலில் காவலாளி கேட்டார்.

"வெளிய போறீங்களா மிஸ்? எல்லாம் உள்ளேயே இருக்கே?"

அவர் அக்கறையாகத்தான் கேட்டார். மதியச் சாப்பாடு வீணாகுமே என்று. ஆனால் 'எல்லாம்' என்ற சொல்லை நான் அதுக்குப் பிறகு சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

கரை வழியாகவே கொஞ்சதூரம் நடந்தேன். குடா பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது. வெளியே பவளப்பாறை தடுப்பதால் உள்ளே ஆழமில்லை, சீசனில் நூறு நூற்றைம்பது அடி நடந்தாலும் இடுப்பளவுதான் என்கிறார்கள். வரிசையாக ஹோட்டல்கள். 70களில் இங்கே முதல் தலைமுறை ஹோட்டல்கள் இருந்தன. போரில் மூடின. மிச்சத்தை 2004 டிசம்பர் 26 அடித்துக்கொண்டு போனது. 2009ல் போர் முடிந்ததும் இந்தக் குடாவைச் சுற்றுலா வலயமாக்கி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு முனையில் ஊர் மக்கள் குளிக்கிற பொதுக்கரை. மழையிலும் ஒரு குடும்பம் உடுத்திய துணியோடே தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தது, ஒரு தாத்தா உட்பட. இன்னொரு மூலையில் வள்ளங்களும் படகுகளும் நெருக்கியடித்து ஏற்றிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். "முந்தி எங்க வேணுமெண்டாலும் ஏத்துவம். இப்ப இந்தத் துண்டுதான் எங்கட," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கயிறு எங்கே சிக்கியிருக்கிறது என்பதில்தான் அவர் கவனம்.

அக்காவின் வீடு வாழைச்சேனைப் பக்கம், உள்ளே. தகரக்கூரை, சீமெந்துத் தரை, வாசலில் ஒரு முருங்கை. அங்கே போனதும் நான் 'மிஸ்' இல்லை, 'தங்கச்சி'. அவருடைய அம்மா ஒரு சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் ஊர்ப்பெருமை சொல்ல ஆரம்பித்தேன். "உங்க ஊரு ரொம்ப அழகும்மா. ரொம்ப அமைதியா இருக்கு. சென்னைல தூங்கவே முடியாது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அமைதியெண்டா எங்களுக்குப் பயம் புள்ள," என்றார். "நாளையோட 45 வருசம். 78 சூறாவளி. அது அடிக்கிறதுக்கு முதல் எப்பிடி இருந்தது தெரியுமா? ஒரு இலை ஆடல்ல." பிறகு அவரே தொடர்ந்தார். "மறுகா இந்தியன் ஆமி வந்தது. அவங்களும் அமைதி எண்டுதான் பேர் வச்சிக்கிட்டு வந்தவங்க. ஊரு சத்தமா இருந்தா ஆக்கள் இரிக்கிறாங்க எண்டு அர்த்தம். சத்தமில்லாட்டி ஆரோ இல்லாமப் போயிட்டாங்க."

என் வயசுக்காரர்களிடம் 'அமைதிப்படை' என்று சொல்லிப்பாருங்கள். 1994ல் வந்த மணிவண்ணன் படமும் சத்யராஜும்தான் ஞாபகம் வரும். எனக்கும் அதுதான் வந்தது, அந்த அம்மா முன்னால் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்கூட. 1987 முதல் 1990 வரை அவர் ஊரில் நடமாடிய ஒரு ராணுவம் எனக்கு ஒரு நக்கல் படத்தின் தலைப்பு. நான் சப்டைட்டில் எழுதுகிறவள். ஒரு சொல் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது என்ன ஆகும் என்று மத்தவங்களுக்கு வகுப்பெடுக்கிறவள்.

பிட்டு, சொதி, பொரித்த சூடை மீன். மூன்று நாளில் முதல் தடவையாக ரெண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டேன். கிளம்பும்போது பணம் கொடுக்கப் போய், அக்கா என் கையை மடக்கிவிட்டார். "வீட்ட வந்த ஆளிட்ட காசு வாங்கிறதா?" அங்கே என் நீலப் பட்டி இன்னும் கையில் இருந்தது.

*

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன், எனக்குத் தெரியும் என்ன வரும் என்று.

'போகாமல் இருந்தால் மட்டும் அவர்கள் வாழ்ந்துவிடுவார்களா? ஆஃப் சீசனில் போனதால்தானே அந்த ஏழு பேரின் பத்து சதவீதமாவது கிடைத்தது?' நியாயமான கேள்வி. அக்காவே இதைத்தான் சொன்னார்: "நீங்களும் வராட்டி நாங்க என்ன செய்யிற தங்கச்சி?" நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்க. மழைக்காலத்தில் போங்க. ஆனால் போகிறவர்கள் வாங்கும் சரக்கு என்ன என்று பேசலாமே. கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் ஊர்க்காரர்கள் நடத்தும் சின்ன விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. அங்கே தங்கினால் காலையில் ஆட்டோக்காரர், மதியம் சாப்பாட்டுக்கடை, சாயங்காலம் மரக்கறி விற்கிறவர் என்று நாலு பேரிடம் பேரம் பேசி, நாலு பேரிடம் ஏமாந்து, நாலு பேரிடம் சில்லறை வாங்க வேண்டியிருக்கும். அமைதி கொஞ்சம் கெடும். அந்தக் கெடுதல்தான் ஊர். பெரிய ஹோட்டலில்தான் தங்குவேன் என்றால் அதுவும் சரி, சாப்பாடு சேர்க்காமல் அறை மட்டும் எடுங்கள். கணக்கு முடிக்கும்போது சேவைக் கட்டணம் எப்படிப் பிரிகிறது என்று மேசையில் நிற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்டேன். பதில் வரவில்லை, ஆனால் கேள்வி கேட்கப்பட்டது என்பது பின்னால் நின்ற ரெண்டு பேருக்குத் தெரிந்தது. அட்டை என்ன சொன்னாலும் டிப்ஸைக் கையில் கொடுங்கள். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

'இது மேல்தட்டுக் குற்ற உணர்வு' என்று இன்னொரு பதில் வரும். இதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம். ஏனென்றால் குற்ற உணர்வுக் கட்டுரையும் நம்மிடம் இப்போது ஒரு ஜானர். அதுவும் உள்ளடக்கத்தில் சேர்த்திதான்: மூணு வேளை சாப்பாடு, ஒரு ஸ்பா, திரும்பிவந்து ஒரு கழிவிரக்கம். என் சண்டை என் மனசாட்சியோடு இல்லை, என் உரைநடையோடு. சுற்றுலா நிறுவனம் 'ஆஃப் சீசன்' என்று சொல்லும்போது அது வியாபாரச் சொல் என்று எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்து 'தனிமை', 'நிசப்தம்', 'வெறுமையின் அழகு' என்று மாற்றிக் கொடுப்பது நாம்தான். ஹோட்டல்காரனுக்குத் தெரியாத வித்தை இது. காலி அறையைத் தள்ளுபடியில் விற்க மட்டும்தான் அவனுக்குத் தெரியும். காலி அறையை ஞானமாக்க நாம் வேண்டும். அதுவும் காசு வாங்காமல்.

ஜமைக்கா கின்கெய்டு தன் பிறந்த தீவான ஆன்டிகுவாவைப் பற்றி 'எ ஸ்மால் பிளேஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், 1988ல். சுற்றுலாப் பயணியை நேரே முன்னால் நிறுத்தி 'நீ' என்று கூப்பிட்டுத் திட்டுகிற புத்தகம். கல்லூரியில் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏனென்றால் அந்த 'நீ' வெள்ளைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். பாசிக்குடாவில் என் நிறத்தில் இருந்தவர்கள், என் மொழியைப் பேசியவர்கள் நடுவில் நீலப் பட்டியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த 'நீ' யார் என்று உறைத்தது. 'நம்ம ஆளுங்க' என்று நாம் உருகுவதெல்லாம் பில் கட்டும்போது எங்கே போகிறது? தொப்புள்கொடி என்று மேடையில் பேசுவோம், எழுத உட்கார்ந்தால் 'யாருமற்ற கடற்கரை'.

*

சென்னை வந்து முதல் வேலையாக ரிவியூ எழுதினேன். ஐந்து நட்சத்திரம். அக்காவின் பெயரை ரெண்டு முறை குறிப்பிட்டேன், எழுத்துப்பிழை இல்லாமல், ஹோட்டல் பேட்ஜில் இருந்தது போலவே. மூன்று நாள் கழித்து நிர்வாகத்தின் பதில் வந்தது. உங்கள் அன்பான வார்த்தைகளை அவரிடம் நிச்சயம் தெரிவிக்கிறோம், அவர் மகிழ்ச்சியடைவார், மீண்டும் வருக. அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு அப்போது ரெண்டு வாரம் ஆகியிருந்தது. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு நானே அனுப்பினேன். கை கூப்பிய படம் ஒன்று திரும்ப வந்தது.

இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயரில்லாமல் விடுவதைப் பற்றி இவ்வளவு கத்திவிட்டு நானும் அதையே செய்கிறேனே என்று கேட்கலாம். மார்ச் மாதம் அவர் அனுப்பிய குரல்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. பின்னால் ஒரே சத்தம். தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, யாரோ ஒரு பிள்ளை அழுகிறது, அவருடைய அம்மா யாரையோ ஏசுகிறார், தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி. அதற்கு நடுவில் அவர் உரக்கப் பேசுகிறார்:

"தங்கச்சி, மே மாசம் கூப்பிடுறதெண்டு சொல்லியிருக்காங்க. உங்கட ரிவியூவப் பாத்தவங்களாம். அம்மா உங்களக் கேட்டவ. நீங்க ஏதோ எழுதப்போறன் எண்டு சொன்னீங்களே, எழுதிட்டீங்களா? எழுதுங்க. ஆனா என்ட பேரப் போட்டிராதீங்க என்ன. மறுகா கூப்பிட மாட்டாங்க."